எம்.எஸ். நோய்க்கு ஸ்டெம் செல் மாற்று: ஒட்டாவாவின் 24 நோயாளிகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2000-ஆம் ஆண்டில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயாளிக்கு நரம்பியல் மருத்துவர் எழுதித் தரக்கூடிய மருந்துகள் மிகக் குறைவு. பீட்டா இன்டர்ஃபெரான், கிளாடிரமர் என இரண்டு வகை ஊசிகள் இருந்தன. நோய் முற்றினால் மைட்டோசான்ட்ரோன். இன்டர்ஃபெரான் தாக்குதல்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும், அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் ஒரு கண், பிறகு ஒரு கால், பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடு என ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்தவர்கள் எல்லா எம்.எஸ். மருத்துவமனைகளிலும் இருந்தார்கள்.

எம்.எஸ். நோயில் உடலின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நுழைந்து, நரம்பிழைகளின் மேலுறையான மயலினைத் தாக்குகின்றன. லுகேமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்யும்போது நோயாளியின் பழைய நோயெதிர்ப்பு அமைப்பு அழிக்கப்பட்டு, புதிதாக ஒன்று வளர்கிறது. தற்செயலாக தன்னெதிர்ப்பு நோயும் இருந்த சில ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு அந்த நோயும் அடங்கியது மருத்துவர்கள் கண்ணில் பட்டது. எலிகளில் செய்த சோதனைகளும் அதையே காட்டின. 1995-இல் கிரீஸின் தெசலோனிக்கியில் எம்.எஸ். நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை தொடங்கியது. 15 பேரின் முடிவுகள் 1997-இல் வெளியாயின.

கனடாவின் ஒட்டாவாவில் நரம்பியல் மருத்துவர் மார்க் ஃப்ரீட்மனும் ரத்தவியல் மருத்துவர் ஹெரால்ட் அட்கின்ஸும் இதே வழியை இன்னும் கடுமையாகச் செய்து பார்க்க முடிவெடுத்தார்கள். நோய் மீண்டும் வரும் என்றுதான் குழு எதிர்பார்த்தது. வெறும் பலகையிலிருந்து எம்.எஸ். மறுபடி எழும்போது, அது எப்படித் தொடங்குகிறது என்பதை முதல் நாளிலிருந்து கவனிக்கலாம் என்பதும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அந்த நோக்கம் மட்டும் கடைசிவரை நிறைவேறவில்லை.

யாரைச் சேர்ப்பது

மூன்று கனடிய மருத்துவமனைகளில் 24 பேர் சேர்க்கப்பட்டார்கள். வயது 18 முதல் 50 வரை. நோய் தணியாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இனி மோசமாகும் என்பதற்கான அறிகுறிகள் தெளிவாக இருக்க வேண்டும், செயலிழப்பு இ.டி.எஸ்.எஸ். அளவுகோலில் 3.0 முதல் 6.0-க்குள் இருக்க வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கி 10-இல் முடியும் அளவுகோல் இது. 3 என்றால் குறைபாடு இருக்கிறது, நடை தடைபடவில்லை. 6 என்றால் நூறு மீட்டர் நடக்கவே ஒரு கைத்தடி வேண்டும்.

மேல் எல்லையை 6.0-இல் நிறுத்தியது இந்தத் திட்டத்தின் மிக முக்கியமான முடிவுகளில் ஒன்று. அக்காலத்தில் வேறு சில மையங்கள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட, மெல்ல மெல்ல முற்றும் வகை எம்.எஸ். உள்ளவர்களையே சேர்த்தன. இழப்பதற்கு ஏதுமில்லை என்பது அவர்கள் சொன்ன நியாயம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், மருத்துவமாகப் பார்த்தால் தவறு. பல ஆண்டு நோய்க்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் அழற்சி அல்ல, முன்பே சிதைந்த நரம்பிழைகளின் தேய்வு. நோயெதிர்ப்பை எவ்வளவு துடைத்தாலும் அறுந்த நரம்பிழை ஒட்டாது. அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் சிகிச்சைக்குப் பிறகும் சரிந்துகொண்டே போனார்கள்.

ஒட்டாவா நோயாளிகளின் அழற்சி எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதற்கு எண்களே சாட்சி. நோய் கண்டறிந்த நாளிலிருந்து மாற்றுச் சிகிச்சை வரை, எல்லோருடைய ஆண்டுகளையும் கூட்டினால் 140. அந்த 140 ஆண்டுகளில் 167 தாக்குதல்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த 48 எம்.ஆர்.ஐ. படங்களில், காடோலினியம் சாயம் ஏறி வெள்ளையாக மின்னிய புண்கள் 188. சாயம் ஏறுகிறது என்றால் அங்கே ரத்த–மூளைத் தடுப்பு உடைந்து அழற்சி இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏன் இவ்வளவு கடுமையான முறை

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிகிச்சையில் நோயைத் தடுப்பது ஸ்டெம் செல் அல்ல, கீமோ. மருந்துகள் நோயெதிர்ப்பு அமைப்பை அழிக்கின்றன. அதோடு ரத்தம் உண்டாக்கும் மஜ்ஜையும் அழிந்துவிடுவதால், முன்கூட்டி எடுத்து உறையவைத்த நோயாளியின் சொந்தச் செல்களைத் திரும்ப ஏற்றி ரத்த உற்பத்தியை மீட்கிறார்கள். அந்தச் செல்கள் மூளைக்குப் போய் மயலினைத் தைப்பதில்லை.

கீமோ ஏதுமின்றி, கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த செல்களை ஒரு மதியத்தில் சொட்டுமருந்தாக ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் கிளினிக்குகள் செய்வது பெயரில் மட்டுமே இதைப் போன்றது. மஜ்ஜையிலிருந்து வளர்த்த மெசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்களை ஏற்றிப் பார்த்த மெசெம்ஸ் ஆய்வில் 144 எம்.எஸ். நோயாளிகள் பங்கேற்றார்கள். 2021-இல் முடிவு வந்தது: செல்களால் ஆபத்து தெரியவில்லை, ஆனால் எம்.ஆர்.ஐ.-யில் மின்னும் புண்களும் குறையவில்லை.

ஒட்டாவா குழு இரண்டு இடங்களில் மற்றவர்களைவிடக் கடுமையைத் தேர்ந்தெடுத்தது. முதலாவது, பியூசல்ஃபான் என்ற மருந்து. இது மஜ்ஜையை முழுதாக அழிக்கக்கூடியது, மூளைத் தண்டுவட நீருக்குள்ளும் தாராளமாக நுழையக்கூடியது. எம்.எஸ்.-இல் தவறு செய்யும் செல்களில் ஒரு பகுதி மூளைக்குள்ளேயே குடியிருப்பதால் இதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாவது, திருப்பி ஏற்றும் பையைச் சுத்திகரிப்பது. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் திரவத்தில் ஸ்டெம் செல்களோடு டி செல்கள் எனப்படும் நோயெதிர்ப்புச் செல்களும் கோடிக்கணக்கில் வரும். அவற்றில் மயலினைத் தாக்கப் பழகியவையும் இருக்கும். வீட்டைக் கழுவிவிட்டு அதே குப்பையைக் கூடையோடு திரும்பக் கொண்டுவந்து வைப்பது போலாகிவிடும். எனவே சி.டி.34 என்ற குறியீட்டைத் தாங்கிய செல்களைக் காந்த மணிகளால் பிடித்து, மீதியைக் கழித்தார்கள்.

செல் சேகரிப்பு

முதலில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து ஒரு முறை கொடுக்கப்படுகிறது. பின் ஜி.சி.எஸ்.எஃப். எனப்படும் ஃபில்கிராஸ்டிம் ஊசி தினமும். இந்த ஊசி ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குத் தள்ளிவிடுகிறது. எலும்பெல்லாம் வலிக்கும், குறிப்பாக இடுப்பும் மார்பெலும்பும். சுமார் பத்தாவது நாள், ரத்தத்தில் சி.டி.34 செல்களின் எண்ணிக்கையைப் பார்த்து, செல்களைப் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் இயந்திரத்தில் சில மணி நேரம் ரத்தம் ஓடவிடப்படுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் சி.டி.34 செல்கள் என்பது பாதுகாப்பான குறைந்தபட்சம். சுத்திகரிப்பில் கொஞ்சம் வீணாகும் என்பதால் கூடுதலாகவே சேகரிக்க வேண்டியிருக்கிறது. பிறகு திரவ நைட்ரஜனில் பாதுகாப்பு.

ஜி.சி.எஸ்.எஃப்.-ஐத் தனியாகக் கொடுத்தாலும் செல் கிடைக்கும், கீமோவின் தொல்லையும் இல்லை. ஆனால் எம்.எஸ். நோயாளிகளுக்குத் தனி ஜி.சி.எஸ்.எஃப். கடும் தாக்குதலைத் தூண்டிவிட்ட அனுபவம் உண்டு. முன்னால் சைக்ளோஃபாஸ்ஃபமைடு அல்லது கூடவே ஸ்டீராய்டு என்பது அதனால் வந்த வழக்கம். இயந்திரத்தில் இருக்கும்போது உதடு மரத்துப்போனால் அதை எம்.எஸ். அறிகுறி என்று பதற வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைத்துவிடுவதால் வருவது, கால்சியம் கொடுத்தால் போய்விடும்.

அழிப்பும் மீட்பும்

சில வாரம் கழித்து நோயாளி தனி அறையில் அனுமதிக்கப்படுகிறார். மார்பில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய சிரைக்குள் செல்லும் குழாய். முதலில் பியூசல்ஃபான். இதற்கு வலிப்பைத் தூண்டும் குணம் இருப்பதால், வலிப்புத் தடுப்பு மருந்தை முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும். ஏற்கனவே மூளையில் புண்கள் உள்ளவர்களுக்கு இதில் சலுகையே கிடையாது. அடுத்து சைக்ளோஃபாஸ்ஃபமைடு: நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், நான்கு நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 12 கிராம். கூடவே முயலிலிருந்து எடுக்கும் ஆன்டி-தைமோசைட் குளோபுலின், சுருக்கமாக ஏ.டி.ஜி. உடலில் எஞ்சியிருக்கும் டி செல்களைத் தேடி அழிப்பது இதன் வேலை.

சைக்ளோஃபாஸ்ஃபமைடு உடைந்து வரும் அக்ரோலின் சிறுநீர்ப்பையின் உட்சுவரை அரிக்கும். மெஸ்னா என்ற நஞ்சுமுறிப்பு மருந்தும் நிறைய நீரேற்றமும் எல்லா நோயாளிகளுக்கும் பொது. எம்.எஸ். நோயாளிக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல்: பலருக்குச் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை. மெஸ்னா கொடுத்தும் நஞ்சு கலந்த சிறுநீர் உள்ளே தேங்கி நின்றால் ரத்தப்போக்கு வரலாம். எனவே முன்னதாகவே அல்ட்ராசவுண்டில் எச்சச் சிறுநீரை அளந்து, தேவையானவர்களுக்குக் கதீட்டர் போட்டுவிடுவது நல்லது. ரத்தவியல் வார்டு செவிலியர்களுக்கு இது பழக்கப்பட்ட பிரச்சினை அல்ல. நரம்பியல் தரப்பிலிருந்து யாராவது சொல்ல வேண்டும்.

ஏ.டி.ஜி. ஏற்றும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். உடல் வெப்பம் ஏறினால் மயலின் இழந்த நரம்பில் சமிக்ஞை தடைபடும். நேற்று நடந்தவருக்கு இன்று கால் தூக்க வராது, கண் மங்கும். பார்ப்பவர்களுக்குப் புதுத் தாக்குதல் போலவே தெரியும், ஆனால் வெப்பம் தணிந்ததும் திரும்பிவிடும். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஏ.டி.ஜி.க்கு முன்னால் கொடுப்பது இதற்காகவும்தான்.

செல்களைத் திரும்ப ஏற்றும் நாளான பூஜ்ய நாளில் பை 37 டிகிரி நீரில் உருக்கப்பட்டு, சிரை வழியே சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. உறைநிலைப் பாதுகாப்புக்குச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ. காரணமாக அறை முழுக்க ஒருவிதப் பூண்டு வாடை ஒரு நாள் இருக்கும். அதன் பிறகு காத்திருப்பு. வெள்ளையணு ஏறக்குறைய பூஜ்யம். காய்ச்சல் பெரும்பாலும் எல்லோருக்கும் வரும். காரணக் கிருமி தெரியும்வரை காத்திராமல், முதல் 38 டிகிரியிலேயே சிரைவழி ஆன்டிபயாட்டிக் தொடங்கப்படும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் ரத்தத்தில் தலைகாட்டப் பொதுவாகப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

ஒரு மரணம்

24 பேரில் ஒருவர் சிகிச்சையின் சிக்கலால் இறந்தார். காரணம்: ஈரலின் நுண் ரத்தக்குழாய்கள் அடைபட்டு, ஈரல் திசு அழிந்தது. கூடவே கிளெப்சியெல்லா கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது.

வழி இதுதான். பியூசல்ஃபான் ஈரலில் குளூட்டதயோனைச் செலவழித்துவிடுகிறது. நச்சுகளைச் செயலிழக்கச் செய்யும் அந்தப் பொருள் குறைந்திருக்கும் நேரத்தில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு வருகிறது. அக்ரோலின் ஈரலின் நுண்குழாய்களுடைய உட்சுவரை உரிக்கிறது. உரிந்தவை குழாயை அடைக்கின்றன. முதல் அறிகுறி மஞ்சள் காமாலை அல்ல, எடை. உப்பும் நீரும் தேங்கி எடை ஏறும், வலது விலாவின் கீழ் வலிக்கும், வயிறு உப்பும், பிலிரூபின் பிறகுதான் உயரும். மாற்று வார்டில் காலையும் மாலையும் எடை பார்ப்பதைச் சடங்காக நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

வாய்வழி பியூசல்ஃபானின் குறை என்னவென்றால், ஒரே அளவு மாத்திரை ஒருவருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்கு மிக அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும். இந்த ஆய்விலும் பியூசல்ஃபான் சிரைவழிக்கு மாற்றப்பட்டது, ரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து அடுத்த வேளை டோஸ் திருத்தப்பட்டது.

ரத்தப் புற்றுநோயில் 24-க்கு ஒரு மரணம் என்றால் யாரும் வியப்படைய மாட்டார்கள். எம்.எஸ். அப்படிப்பட்ட நோய் அல்ல. இது அந்த ஆண்டில் உயிரை எடுக்கும் நோயே அல்ல. 30 வயதில் கைத்தடியோடு நடப்பவருக்கு 4 சதவீத மரண வாய்ப்பை முன்வைப்பது எவ்வளவு நியாயம் என்ற கேள்வி அதன் பிறகு இந்தத் துறையை விடவில்லை.

பின்தொடர்ந்த ஆண்டுகள்

முடிவுகள் 2016-இல் லான்செட் இதழில் வெளியாயின. பின்தொடர்ந்த காலத்தின் நடு மதிப்பு 6.7 ஆண்டு. மிக நீண்டது ஏறத்தாழ 13 ஆண்டு. அத்தனை ஆண்டுகளிலும் பிழைத்த 23 பேரில் ஒருவருக்குக்கூடப் புதுத் தாக்குதல் இல்லை. தொடர்ச்சியாக எடுத்த 314 எம்.ஆர்.ஐ. படங்களில் சாயம் ஏறிய புண் ஒன்றுமில்லை, புதுப் புண்ணும் இல்லை. எம்.எஸ். மருந்து எதுவும் கொடுக்காமலே இது நடந்தது. 48 படத்தில் 188 புண் என்றிருந்தவர்களிடம் இது.

மாண்ட்ரியல் ஆய்வகம் இவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது புதிய டி செல்கள், அவை முதிரும் தைமஸ் சுரப்பியிலிருந்து புதிதாக வந்தவை என்றும், அழற்சியைத் தூண்டும் டி.எச்.17 வகை டி செல்களின் செயல்பாடு குறைந்திருக்கிறது என்றும் தெரிந்தது. சாதாரணத் தொற்றுகளை எதிர்க்கும் டி.எச்.1 செயல்பாடு அப்படிக் குறையவில்லை.

மூளைச் சுருக்கத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது. சிகிச்சைக்குப் பின் முதல் மாதங்களில் மூளையின் பருமன் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தது. பார்த்தவர்கள் கவலைப்பட்டார்கள். ஒரு பகுதி வீக்கம் வற்றியதால், இன்னொரு பகுதி கீமோவின் நேரடி நச்சால், அதிலும் பியூசல்ஃபானால். பிறகு வேகம் மெல்லத் தணிந்து, அதே வயதுள்ள நலமானவர்களிடம் காணும் அளவுக்கு வந்து நின்றது. முதல் ஆண்டுப் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் சிகிச்சை தோல்வி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

35 சதவீதத்தினருக்குச் செயலிழப்பு அளவுகோல் இறங்கி, அப்படியே நிலைத்தது. வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு, திருமணம் செய்து பிள்ளை பெற்றவர்களும் உண்டு. இறந்த நரம்பிழைகள் எழவில்லை. அழற்சியின் அழுத்தம் நீங்கியதும், உயிரோடிருந்தும் ஓசையடங்கியிருந்த இழைகள் மறுபடி வேலை செய்தன என்பதே பொருத்தமான விளக்கம்.

மீதிப் பேர்

ஆய்வின் முதன்மை அளவுகோலில், 3 ஆண்டு முடிவில் நோய்ச் செயல்பாடு ஏதுமில்லாமல் இருந்தவர்கள் 69.6 சதவீதம். தாக்குதல் இல்லை, புண் இல்லை என்ற பிறகும் ஏன் நூறு அல்ல? சிலருக்குச் செயலிழப்பு மட்டும் தொடர்ந்து ஏறியது. எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்க, கால் மட்டும் மெல்ல கனத்துக்கொண்டே போனது. அழற்சி அடங்கினாலும், முன்பே அடிபட்ட இழைகள் தேய்வதை இந்தச் சிகிச்சை நிறுத்துவதில்லை. அவர்கள் தாமதமாக வந்தவர்கள் என்றே கொள்ள வேண்டும். எந்த நாளில் அந்த எல்லை கடக்கப்படுகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை நம்மிடம் இல்லை என்பதுதான் சங்கடம்.

இன்று செய்தால் மாறுபவை

பியூசல்ஃபான் பெரும்பாலான இடங்களில் கைவிடப்பட்டுவிட்டது. மாற்றுச் சிகிச்சையை எம்.எஸ். மருந்துகளோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியான மிஸ்ட் ஆய்வு சிகாகோ, ஷெஃபீல்ட், உப்சாலா, சாவோ பாலோ ஆகிய நான்கு மையங்களில் 110 பேரிடம் நடந்தது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு கிலோவுக்கு 200 மில்லிகிராம், ஏ.டி.ஜி. கிலோவுக்கு மொத்தம் 6 மில்லிகிராம், அவ்வளவே. காந்தச் சுத்திகரிப்பும் இல்லை. ஏ.டி.ஜி. ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்குவதால், பையோடு வரும் டி செல்களையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. நோய் முற்றியவர்கள் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் 3 பேர், மருந்துப் பிரிவில் 34 பேர். மரணம் இல்லை. ஆனால் அந்த மருந்துப் பிரிவில் ஓக்ரெலிசுமாப் போன்ற இன்றைய வலுவான மருந்துகள் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த நேரடி ஒப்பீட்டைத்தான் அமெரிக்காவின் பீட்-எம்.எஸ்., பிரிட்டனின் ஸ்டார்-எம்.எஸ்., நார்வேயிலிருந்து நடக்கும் ராம்-எம்.எஸ். ஆகிய ஆய்வுகள் எடுத்துக்கொண்டன.

ஒட்டாவாவின் முழு அழிப்பு முறைக்கும் ஓர் ஆதாயம் இருந்ததை மறைப்பதற்கில்லை. ஒரு தாக்குதல்கூட மீளாத முடிவு, இலேசான முறைகளில் அத்தனை சுத்தமாகக் கிடைப்பதில்லை. அதற்குக் கொடுத்த விலையும் தெரிந்ததே. 2005-க்குப் பிறகு சிகிச்சை பெற்ற எம்.எஸ். நோயாளிகளில் மரணம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மையங்களின் அனுபவமும் நோயாளித் தேர்வும் இதில் மருந்துக்குச் சமமான பங்கு வகிக்கின்றன.

தேர்வு எல்லையும் கீழே வந்துவிட்டது. ஐரோப்பிய மஜ்ஜை மாற்றுச் சங்கத்தின் வழிகாட்டுதலில் விரும்பப்படுவது 45 வயதுக்கு உட்பட்டவர், நோய் தொடங்கி 10 ஆண்டுக்குள், இ.டி.எஸ்.எஸ். 5.5-ஐத் தாண்டாதவர், கடந்த 12 மாதத்துக்குள் எம்.ஆர்.ஐ.-யில் அழற்சி தெரிபவர், வலுவான மருந்து ஒன்றாவது தோற்றவர். பிற தன்னெதிர்ப்பு நோய்களில் கணக்கு வேறு. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸில் அஸ்டிஸ் ஆய்வின் 156 பேரில், மாற்றுப் பிரிவின் பத்து சதவீதத்தினர் முதல் ஆண்டிலேயே சிகிச்சையால் இறந்தார்கள். ஆனால் அந்த நோயே உயிர் குடிப்பது என்பதால் நீண்ட காலப் பிழைப்பு மாற்றுப் பிரிவிலேயே மேலோங்கியது. அதில் மரணங்களுக்கு ஒரு காரணம், நோயால் ஏற்கனவே இறுகியிருந்த இதயமும் நுரையீரலும். இன்று சேர்க்கும் முன் இதயத்தைக் கதீட்டர் வழி அழுத்தம் பார்த்து, எம்.ஆர்.ஐ. எடுத்துச் சோதிக்கிறார்கள்.

சிகிச்சைக்கு முன் முடித்தாக வேண்டியவற்றில் பிந்திப்போகக் கூடாதது கருவுறும் திறனைப் பாதுகாக்கும் ஏற்பாடு. கீமோ கருப்பையைவிட முட்டைப்பையைத்தான் குறிவைக்கிறது, பியூசல்ஃபான் இதில் இன்னும் மோசம். கருமுட்டையை உறையவைக்கத் தூண்டல் ஊசி போடும்போது எம்.எஸ். தாக்குதல் வரலாம் என்பதால் நரம்பியல் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது. முன்பு எடுத்துக்கொண்ட எம்.எஸ். மருந்தின் இடைவெளியும் அதே போல. நட்டாலிசுமாப் நிறுத்திய சில மாதங்களில் நோய் மறுபடி வேகமாகச் சீறி எழலாம். காத்திருந்தால் தாக்குதல், காத்திராவிட்டால் மூளையில் ஜே.சி. வைரஸ் தொற்று ஒளிந்திருக்கும் ஆபத்து. அதனால் மாற்றுக்கு முன் எம்.ஆர்.ஐ.-யும், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரில் வைரஸ் பரிசோதனையும்.

வீட்டுக்குப் போன பிறகு தொற்றுத் தடுப்புக்காக வைரஸ் மருந்தான எசிக்ளோவிர் பொதுவாக ஓராண்டு, ஆன்டிபயாட்டிக்கான கோ-ட்ரைமாக்சசோல் சுமார் ஆறு மாதம். ஏ.டி.ஜி. பெற்றவர்களுக்கு முதல் மூன்று மாதம் இ.பி.வி., சி.எம்.வி. வைரஸ் அளவுகள் ரத்தத்தில் பார்க்கப்பட வேண்டும். சிலருக்குப் பழைய தன்னெதிர்ப்பு நோய் போய்ப் புதியது வரும், பெரும்பாலும் தைராய்டு, எப்போதாவது பிளேட்லெட் அழிவு. எனவே தைராய்டு பரிசோதனை ஆண்டுதோறும். குழந்தைப் பருவத் தடுப்பூசிகளின் நினைவும் அழிந்துவிடுவதால் அவற்றை மறுபடி போட வேண்டியிருக்கும். உயிரற்ற தடுப்பூசிகளை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் தொடங்கலாம். தட்டம்மை போன்ற உயிருள்ளவை 24 மாதத்துக்கு முன் கிடையாது.